எழுந்து இடம் கொடுத்தாரா?

பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு காத்திருப்பு அறை. மொத்தமே மூன்று நாற்காலிகள். இரண்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மூன்றாவதில் வந்து உட்காருகிறார் சோதனைக்கு வந்தவர். ஞாபகசக்தியையும் கவனத்தையும் சோதிக்கப்போகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து ஓர் இளம்பெண் ஊன்றுகோல்களை ஊன்றியபடி உள்ளே வருகிறாள். காலில் கட்டு. முகம் வலியில் சுருங்குகிறது. உட்கார இடமில்லை. பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறாள். உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் புத்தகத்தைப் புரட்டுகிறார், இன்னொருவர் செல்போனை நோண்டுகிறார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருவரும் நடிகர்கள். அந்தப் பெண்ணும் நடிக்கத்தான் வந்திருக்கிறாள். சோதனை என்று சொல்லி வரவழைத்தது உள்ளே இருக்கும் அறைக்கு. நிஜமான சோதனை இங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது ஆள் எழுந்து இடம் கொடுப்பாரா?

சுற்றியிருப்பவர்கள் சும்மா இருந்தால் நாமும் சும்மா இருந்துவிடுவோம் என்பது மனோதத்துவத்தில் பழைய பாடம். நமக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. டவுன் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறியதும், அதுவரை தூங்கி வழிந்தவர்களுக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஏதோ சுவாரஸ்யம் பிறந்துவிடுவதை தினமும் பார்க்கிறோம்.

சோதனைக்கு வந்தவர்கள் 39 பேர். எல்லோரும் தியான வகுப்பில் சேர விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள். பாதிப் பேருக்கு மேல் எட்டு வாரம் வகுப்பு நடந்தது. மற்றவர்களிடம் 'உங்கள் முறை பிறகு வரும்' என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இரு தரப்பும் ஒரே மாதிரி ஆட்கள். வித்தியாசம் அந்த எட்டு வாரம் மட்டும். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் எழுந்து இடம் கொடுத்தவர்கள் 16 சதவிகிதம். தியானம் பழகியவர்களில் 50 சதவிகிதம். டேவிட் டெஸ்டெனோ, பால் காண்டன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட முடிவு இது. 2015-ல் குருவும் இல்லாமல் வகுப்பும் இல்லாமல், மொபைல் ஆப் வழியாக மூன்று வாரம் மட்டும் பழகியவர்களை வைத்து இதே நாடகத்தை மறுபடி நடத்தினார்கள். அப்போது 14-க்கு 37 சதவிகிதம்.

சின்ன ஆய்வுதான். ஆனால் தியானம் பற்றிக் கடந்த இருபது வருடங்களில் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மூளையின் வண்ணப் படங்களைக் காட்டி 'தியானம் செய்தால் மூளை வளரும்' என்று சொல்லும் செய்திகள் நமக்குப் பழகிவிட்டன. நாற்காலியை விட்டு எழுந்தாரா என்று கேட்ட ஆய்வுகள் குறைவு. மூளையில் என்ன மாறினாலும், அதோடு வாழப்போகிறவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்: மனைவி, கணவர், பிள்ளைகள், மாமியார், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர். அவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

பனிநீரில் கை வைத்தவர்கள்

தியானத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்ததில் நமக்கும் பழைய பங்கு உண்டு. 1961-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பி.கே.ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகிய மூவரும் யோகிகளின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நான்கு யோகிகள் சமாதி நிலையில் அமர்ந்திருக்க, பளீரென்று வெளிச்சம் அடித்தார்கள், சத்தம் எழுப்பினார்கள், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். சாதாரண ஆளின் மூளையில் 'ஆல்ஃபா' எனப்படும் அமைதி அலை உடனே கலைந்துவிடும். இவர்களுக்குக் கலையவில்லை. இன்னும் இரண்டு யோகிகள் பனிபோலக் குளிர்ந்த தண்ணீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் அலை அப்படியே ஓடியது.

பிரமிக்க வைக்கும் ஆய்வு. ஆனால் கவனியுங்கள்: அங்கே வியப்புக்கு உரியதாக இருந்தது அசையாமை. உலகம் எவ்வளவு தட்டினாலும் உள்ளே கேட்காத நிலை. அதுதான் தியானத்தின் உச்சம் என்ற எண்ணம் நம் ஊரில் இன்றும் வலுவாக இருக்கிறது. அதன் சின்ன வடிவத்தை எத்தனையோ வீடுகளில் காலை ஆறு மணிக்குப் பார்க்கலாம். அப்பா பூஜை அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும், பிள்ளை ஹோம்வொர்க் நோட்டைக் காணோம் என்று கத்தும். அப்பா கண்ணைத் திறந்து ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், தெருவே எழுந்துவிடும். 'ஒரு பத்து நிமிஷம் நிம்மதியா தியானம் பண்ண விடமாட்டீங்களா?'

இந்த அப்பாவின் மூளையில் ஆல்ஃபா அலை எப்படி ஓடுகிறது என்பதைவிட, அவர் எழுந்து வந்த பிறகு பிள்ளை அந்த நோட்டைத் தேட அவரைக் கூப்பிடுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிரித்த துறவிகள்

1992-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் கம்ப்யூட்டர், பேட்டரி, ஒயர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இமயமலைச் சரிவில் உள்ள தர்மசாலாவுக்கு வந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டேவிட்சன் அவர்களில் ஒருவர். தன் இருபதுகளின் வயதில் இந்தியாவுக்கு வந்து தியானம் பழகியவர். மலைக்குகைகளில் வருடக்கணக்காகத் தனித்திருக்கும் திபெத்தியத் துறவிகளின் மூளையைப் பதிவு செய்வது திட்டம். தலாய் லாமாவின் சிபாரிசும் கையில் இருந்தது. இருந்தும் ஒரு துறவிகூடச் சம்மதிக்கவில்லை.

போகட்டும், கருவி எப்படி வேலை செய்கிறது என்றாவது காட்டுவோம் என்று மடத்தில் துறவிகளைக் கூட்டினார்கள். கூட வந்த விஞ்ஞானி ஃபிரான்சிஸ்கோ வரேலாவின் தலையில் மின்முனைகளை ஒவ்வொன்றாக ஒட்டி முடித்து விலகி நின்றதும் சபை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. தலை நிறைய ஒயரோடு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று டேவிட்சன் நினைத்தார். விஷயம் வேறு. 'கருணையை அளக்க வந்தோம் என்கிறீர்கள். கருவியைத் தலையில் மாட்டுகிறீர்களே! நெஞ்சில் அல்லவா மாட்ட வேண்டும்?'

அந்தப் பயணத்தில் தலாய் லாமா டேவிட்சனிடம் கேட்ட கேள்வியும் முக்கியம். பயம், கவலை, மனச்சோர்வு இவற்றையெல்லாம் ஆராய இத்தனை கருவிகள் வைத்திருக்கிறீர்களே, அதே கருவிகளால் அன்பையும் கருணையையும் ஏன் ஆராயக் கூடாது? டேவிட்சனின் வாழ்க்கையே அந்தக் கேள்வியால் திசை திரும்பியது.

ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாக்கி. மத்தியூ ரிக்கார் வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில், நோபல் பரிசு பெற்ற பிரான்சுவா ஜாக்கோப்பிடம் மரபணுவியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, இமயமலைக்கு வந்து துறவியானவர். விஞ்ஞானிகளின் பாஷையும் துறவிகளின் பாஷையும் அவருக்குத் தெரியும். அவர் பேசி அழைத்துவர, பத்தாயிரம் மணி நேரத்திலிருந்து ஐம்பதாயிரம் மணி நேரம் வரை தியானத்தில் கழித்த எட்டுத் துறவிகள் டேவிட்சனின் ஆய்வுக்கூடத்துக்கு விமானம் ஏறினார்கள்.

எல்லா உயிர்கள்மீதும் நிபந்தனையில்லாத கருணையை மனதில் நிரப்புங்கள் என்று சொன்னதும், அவர்கள் மூளையில் 'காமா' என்ற வேகமான அலை எழுந்தது. நோயாளிகள் அல்லாதவர்களிடம் அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக வலுவானது. ஒரே வாரம் பழகிய கல்லூரி மாணவர்களிடம் அது லேசாகத்தான் தெரிந்தது. 2004-ல் இது வெளியானதும் உலகப் பத்திரிகைகளில் தியானம் தலைப்புச் செய்தியானது.

அதைவிட எனக்குப் பிடித்தது, நான்கு வருடம் கழித்து அதே குழு செய்த இன்னொரு ஆய்வு. பழுத்த தியானிகளையும் புதியவர்களையும் ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்து, கருணை தியானம் செய்யச் சொன்னார்கள். நடுவில் திடீர் திடீரென்று சில சத்தங்களை ஒலிக்கவிட்டார்கள். ஒரு பெண்ணின் அலறல். ஒரு குழந்தையின் சிரிப்பு. ஓட்டலின் சாதாரண இரைச்சல். அலறலைக் கேட்டதும், பிறர் வேதனையை நம் உடம்பில் உணரவைக்கும் 'இன்சுலா' என்ற மூளைப் பகுதி பழுத்த தியானிகளிடம்தான் அதிகமாகத் துடித்தது.

1961-ல் டெல்லியில் சூடு பட்டும் அசையாத மூளை. 2008-ல் விஸ்கான்சினில் யாரோ ஒருத்தியின் குரலுக்கு மற்றவர்களைவிட அதிகமாக அசைந்த மூளை. இரண்டும் தியானம்தான். செய்த தியானம் வேறு வேறு. மனிதர்களோடு தியானத்துக்கு என்ன உறவு என்ற கேள்விக்கான பதில் முழுக்க இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

மூளை வளர்கிறதா?

இங்கே ஒரு கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். 2011-ல் ஹார்வர்டைச் சேர்ந்த பிரிட்டா ஹோல்ஸெல், சாரா லாசர் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. எட்டு வாரம், தினமும் சராசரியாக 27 நிமிடம் தியானம் செய்தவர்களின் மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட சில பகுதிகள் அடர்த்தியாகியிருந்தன என்றது முடிவு. 'எட்டே வாரத்தில் மூளை வளரும்' என்ற வாசகம் அன்று புறப்பட்டது. இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த ஆய்வில் தியானம் செய்தவர்கள் 16 பேர்.

2022-ல் டேவிட்சனின் சொந்த ஆய்வு மையமே 218 பேரை வைத்து, அதே எட்டு வாரப் பயிற்சியைக் கொடுத்து, முறையாகக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தது. மூளையின் அமைப்பில் சொல்லும்படியாக எந்த மாற்றமும் இல்லை. தியானத்துக்காக ஆயுளைச் செலவிட்டவர் தன் ஆய்வகத்திலிருந்தே இப்படி ஒரு முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்கு ஒரு சபாஷ் போடலாம். அது வாட்ஸ்அப்பில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே 'மூளை பெரிதாகும்' என்பதை எட்டு வாரக் கணக்கில் நம்பிப் போக வேண்டாம். மூளை வேலை செய்யும் விதம் மாறுகிறதா என்று கேட்டால், ஆதாரம் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அப்போது சுறுசுறுப்பாகும் பகுதிகளின் கூட்டணியை 2001-ல் அடையாளம் கண்டு விளக்கியவர் மார்கஸ் ரெய்க்லே. அந்தக் கூட்டணியின் முக்கிய வேலை, நம்மைப் பற்றி நாமே கதை பேசிக்கொள்வது. 'கல்யாணத்துல அவன் ஏன் பாத்தும் பாக்காத மாதிரி போனான்? நான் என்ன தப்பு பண்ணேன்? இருக்கட்டும், அவன் வீட்டு விசேஷம் வராமலா போகும்?' இந்த ரீல் ஓடிக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, 47 சதவிகிதம், மனம் கையில் இருக்கும் வேலையில் இல்லை என்றும், அப்படி அலையும்போது மனிதர்கள் சந்தோஷமாக இல்லை என்றும் 2010-ல் 2,250 பேரிடம் போன் வழியாகக் கேட்டு எழுதினார்கள் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும். அனுபவமுள்ள தியானிகளிடம் இந்த ரீல் பகுதிகள் அடங்கியிருப்பதை 2011-ல் ஜட்சன் புரூவர் காட்டினார். தியானம் செய்யாத நேரத்திலும், பயத்தையும் கோபத்தையும் மூட்டும் அமிக்டலா கொஞ்சம் நிதானமாகவே துள்ளுகிறது என்று 2012-ல் இன்னொரு ஆய்வு சொன்னது.

குடும்பத்தில் இதற்கு என்ன அர்த்தம்? வார்த்தை காதில் விழுவதற்கும் பதில் வாயிலிருந்து வருவதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கலாம் என்று அர்த்தம். அந்த இடைவெளியில் என்ன சொல்வார் என்பதை இந்தப் பகுதிகள் தீர்மானிப்பதில்லை. நிதானமாக யோசித்து இன்னும் கூர்மையாகக் குத்துகிறவர்களும் இருக்கிறார்களே.

லைப்சிக்கில் ஒன்பது மாதம்

2007-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ரிக்கார் ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்தார். வெளியே டானியா சிங்கர் என்ற ஜெர்மன் நரம்பியல் ஆய்வாளர். பிறர் துன்பத்தை அப்படியே உள்வாங்குங்கள், கருணை எதுவும் வேண்டாம், அந்த வலியை மட்டும் உணருங்கள் என்றார் சிங்கர். ருமேனியாவில் கைவிடப்பட்ட, ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றிய டாக்குமென்டரி ஒன்றை அதற்கு முன் ரிக்கார் பார்த்திருந்தார். எலும்பும் தோலுமான அந்தக் குழந்தைகளை நினைத்தார். ஒரு மணி நேரத்தில் ஆள் தளர்ந்துவிட்டார். தாங்க முடியவில்லை, வெறுமையாக இருக்கிறது, கருணை தியானத்துக்கு மாறட்டுமா என்று கேட்டார். மாறியதும் ஸ்கேனில் வேறு வழித்தடம் ஒளிர்ந்தது: வலியை உணரும் பகுதிகளைவிட அன்போடும் நிறைவோடும் சம்பந்தப்பட்டவை. அதே குழந்தைகளை நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இப்போது கிட்டே போகத் தோன்றியது என்று பின்னர் எழுதினார்.

ஐ.சி.யூ. நர்சுகள், படுத்த படுக்கையான மாமனாரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மருமகள்கள், விசேஷக் குழந்தைகளின் தாய்மார்கள், இவர்களுக்கெல்லாம் இந்த ஒரு மணி நேரக் கதை விளங்கும். அடுத்தவர் வலியில் முழுக்க முழுக்கக் கரைந்துபோகிறவர் சீக்கிரம் எரிந்துபோகிறார். பிறகு ஒதுங்குகிறார், அல்லது எரிந்து விழுகிறார். புதிதாகப் பழகியவர்களிடமும் இந்த இரண்டு வழித்தடங்கள் பிரிந்து தெரிவதை சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் பிறகு காட்டினார்கள்.

அங்கிருந்து பிறந்ததுதான் இந்தத் துறையிலேயே பெரிய முயற்சிகளில் ஒன்றான 'ரிசோர்ஸ்' திட்டம். லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தியது. ஏறக்குறைய 300 பேர், ஒன்பது மாதம். புத்திசாலித்தனமான வேலை என்னவென்றால், தியானம் என்ற ஒரே மூட்டையை அவிழ்த்து மூன்றாகப் பிரித்தார்கள். மூன்று மாதம் மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் பயிற்சி. மூன்று மாதம் அன்பு, நன்றி, கஷ்டமான உணர்ச்சிகளோடு இருக்கப் பழகுதல். இன்னும் மூன்று மாதம் தன் எண்ணங்களையும் பிறர் கோணத்தையும் விலகி நின்று பார்த்தல்.

பிறகு மனப்பதற்றத்தைச் சோதித்தார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத அதிகாரிகள் முன் வேலை இன்டர்வியூ. அடுத்து வாய்க்கணக்கு, தப்பினால் முதலிலிருந்து. எவருக்கும் ரத்தத்தில் 'கார்ட்டிசால்' என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். மூச்சைக் கவனிக்க மட்டும் பழகியவர்களிடம், 'முன்னைவிடப் பதற்றம் குறைவு' என்ற வாய்வார்த்தை இருந்தது, கார்ட்டிசால் குறையவில்லை. மற்ற இரண்டு பயிற்சிகளையும் செய்தவர்களிடம் அது 51 சதவிகிதம் வரை குறைந்தது. பிறருக்காகக் கையிலிருப்பதைக் கொடுக்கும் தாராளத்தைச் சோதித்தபோது, அதைக் கூட்டியது அன்புப் பயிற்சி ஒன்றுதான். மூளைப் புறணியிலும் அந்தந்தப் பயிற்சிக்கு ஏற்ப வெவ்வேறு இடங்களில் தடிப்பு தெரிந்தது. இது எட்டு வாரம் அல்ல, மாதக்கணக்கான பயிற்சி என்பதால் 2022-ன் முடிவோடு இதை நேரடியாக மோதவிட முடியாது. அதே அளவில் இன்னொருவர் செய்து பார்க்கும் வரை நான் இதை அடிக்கோடிட மாட்டேன்.

கார்ட்டிசாலைக் குறைத்த அந்த இரண்டு பயிற்சிகளிலும் மட்டும் கூடுதலாக ஓர் அம்சம் இருந்தது. அவை தனியாகச் செய்கிற காரியம் அல்ல. தினமும் பத்து நிமிடம், இன்னொருவரோடு போனிலோ கம்ப்யூட்டரிலோ பேச வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஜோடி மாறும், அதாவது முன்பின் தெரியாதவர். அன்புப் பயிற்சியில், அன்று மனதைக் கஷ்டப்படுத்திய ஒரு சம்பவம், நன்றி சொல்லத் தோன்றிய ஒரு சம்பவம், அப்போது உடம்பில் என்ன உணர்ந்தீர்கள் என்று ஒருவர் ஐந்து நிமிடம் சொல்வார். மற்றவர் கேட்பார். பதில் கிடையாது, ஆறுதல் கிடையாது, ஆலோசனை கிடையாது. பிறகு மாறிக்கொள்வார்கள். நாளாக நாளாக, கூடப் பேசுகிறவர் மீதான நெருக்கம் கூடிக்கொண்டே போனது.

கசப்பான ஒரு சேதியும் இதோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். ஆய்வகத்தில் தன் கீழ் வேலை செய்தவர்களைக் கடுமையாக நடத்தினார் என்று சிங்கர் மீதே புகார்கள் எழுந்து, 2018 கடைசியில் அவர் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். ஆய்வின் எண்களை அது பொய்யாக்கிவிடாது. ஆனால் கருணையைப் பற்றி நிறையத் தெரிந்திருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதை, எந்த ஆசிரமத்தின் வாசலிலும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

குற்ற உணர்ச்சியும் சேர்ந்து கரைந்தால்?

மறுபக்கமும் உண்டு, அது கொஞ்சம் சங்கடமானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக் குழு எட்டுச் சோதனைகளில், மொத்தம் 1,400-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. யாருக்காவது நீங்கள் செய்த தவறை எழுதுங்கள் என்றார்கள். மனம் உறுத்தியது. பிறகு சிலருக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம். உறுத்தல் இறங்கியது. அதோடு, தவறிழைக்கப்பட்டவருக்கு ஏதாவது செய்து ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணமும் இறங்கியது! அன்பைப் பிறர் மேல் செலுத்தும் தியானம் செய்தவர்களுக்கு இப்படி ஆகவில்லை. அவர்கள் ஈடுசெய்யவே அதிகம் விரும்பினார்கள்.

மனைவியிடம் கத்திவிட்டு மாடிக்குப் போய் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்து, சாந்த சொரூபியாக இறங்கி வந்து டிபன் கேட்கிறவரை இப்போது உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். அவருக்கு மனசு லேசாகிவிட்டது. கீழே இருப்பவருக்கு ஆகவில்லை.

பஃபலோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புலின் 2021-ல் கண்டதும் இதன் பங்காளிதான். சுற்றத்தோடு பிணைந்தவர்களாகத் தங்களைப் பார்ப்பவர்கள், கவனப் பயிற்சிக்குப் பிறகு பிறருக்கு உதவ அதிகம் முன்வந்தார்கள். 'நான் தனி ஆள்' என்று நினைப்பவர்கள் முன்னைவிடக் குறைவாகவே முன்வந்தார்கள். ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதைத் தியானம் துலக்கிக் காட்டிவிடுகிறது போலும்.

2018-ல் 22 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசிய கிரெப்லின், ஃபாரியாஸ் குழுவின் கணிப்பும் உற்சாகம் தருவது அல்ல. தியானத்தால் கருணை கூடியது என்று காட்டிய ஆய்வுகள் பலவற்றில், தியானம் சொல்லிக்கொடுத்தவரே ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராகவும் இருந்தார். பிள்ளையைப் பற்றிப் பெற்றவரிடமே நற்சான்று வாங்கியது போலத்தான். பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கவனப் பயிற்சி கொடுத்து 2022-ல் முடிவு சொன்ன ஆய்வில், வழக்கமான பள்ளிப் பாடங்களைவிட அது மனநலத்துக்கு ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. பெரியவர்களின் கவலை, சோர்வு, வலி இவற்றைத் தியானம் ஓரளவு தணிக்கும் என்பதற்கு, 47 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ன் அலசல் மிதமான ஆதாரம் தந்தது. அதற்கு மேல் போகிற பேச்செல்லாம் பெரும்பாலும் விளம்பரம்.

கூடுவாஞ்சேரிக்காரர் போட்ட பட்டியல்

தியானத்தின் பார்வையை அடுத்தவர் பக்கம் திருப்புவதை லைப்சிக்குக்கு முன்பே நம்மூரில் ஒருவர் செய்துகொண்டிருந்தார். வேதாத்திரி மகரிஷி. 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியோடு வாழ்ந்து, இல்லறத்தை விடாமலேயே தியானம் கற்றுக்கொடுத்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சி அருகே ஆழியாறில் அவர் கட்டிய அறிவுத் திருக்கோயிலை வால்பாறை போகிற வழியில் பலரும் பார்த்திருப்பீர்கள். 'வாழ்க வளமுடன்' ஸ்டிக்கர் ஒட்டாத ஷேர் ஆட்டோ தமிழ்நாட்டில் குறைவு.

அவருடைய மனவளக்கலையில் கண்ணை மூடி உட்காருவது ஒரு பங்குதான். அகத்தாய்வு என்று இன்னொரு பகுதி இருக்கிறது. அதில் 'சினம் தவிர்த்தல்' பாடத்தில், யார் யார் மேலெல்லாம் நமக்குக் கோபம் வருகிறது என்று காகிதத்தில் பட்டியல் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தவர்கள் சொல்வது, மேலே இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஒரே ரேஷன் கார்டில் இருப்பவை. ஒவ்வொருவரையும் நினைத்து மனதுக்குள் வாழ்த்த வேண்டும், கோபப்படாமல் இருக்க ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். தன் மனைவி லோகாம்பாள் பிறந்த ஆகஸ்ட் 30-ஐ 'மனைவி நல வேட்பு நாள்' என்று கொண்டாட வைத்தார். அன்று அரங்கத்தில் வயதான தம்பதிகள் எதிரெதிரே அமர்ந்து, பூவும் பழமும் பரிமாறி, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாழ்த்துவார்கள். பல கணவர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

தத்துவத்தில் அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்கிறவன் இல்லை. ஆனால் தியானத்தை வீட்டுக்குள் இருக்கும் குறிப்பிட்ட ஆளின் பெயரோடு முடிச்சுப்போட்டது சரியான இடத்தைத் தொட்ட வேலை. கோயங்காவின் விபாசனா முகாமிலும், ஒன்பது நாள் மௌனமாக மூச்சையும் உடம்பையும் கவனித்தவர்களுக்குப் பத்தாம் நாள் பேச அனுமதி கிடைக்கும்போது, எல்லோருக்கும் நலம் விரும்பும் 'மெத்தா' தியானத்தையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். முகாமிலிருந்து நேராக வீட்டுக்குத்தானே போகப்போகிறார்கள்!

எப்படி, எவ்வளவு?

தீவிர மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், பழைய அதிர்ச்சி ஒன்று இன்னும் ஆறாதவர்கள், நீண்ட மௌன முகாம்களில் இறங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் பேசுவது அவசியம். தியானத்தில் பயமும் தூக்கமின்மையும் தன்னைவிட்டுத் தானே விலகிய உணர்வும் வந்து அவதிப்பட்டவர்களை பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன் பல வருடங்களாகப் பதிவு செய்து வருகிறார். 'உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருது, விடாம உட்காருங்க' என்று சொல்லும் ஆசிரியரை நம்பித் தொடர வேண்டாம்.

மற்றவர்களுக்கு அளவு அவ்வளவு பயமுறுத்துவதாக இல்லை. ஆய்வுகளில் பலன் காட்டியவர்கள் பெரும்பாலும் தினமும் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை உட்கார்ந்தவர்கள். வட கரோலினாவில் 2004-ல் 44 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சண்டைக்காரத் தம்பதிகள் அல்ல, ஓரளவு ஒற்றுமையாக இருந்தவர்கள்தான். கணவனும் மனைவியும் சேர்ந்தே எட்டு வாரம் தியானம் பழகினார்கள். அதில் இருவரும் ஒருவர்மீது ஒருவர் அன்பைச் செலுத்தும் பயிற்சியும் இருந்தது. நெருக்கமும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதும் கூடின. தினமும் டைரி எழுதச் சொன்னதில் தெரிந்த விஷயம் சுவையானது: அதிகமாகப் பயிற்சி செய்த நாளின் பலன், அடுத்தடுத்த சில நாள் வரை உறவில் தங்கியது. நேற்று உட்கார்ந்தது இன்றைய சாம்பாரில் உப்புக் குறைந்ததற்கும் கொஞ்சம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைப்சிக்காரர்களின் பத்து நிமிடப் பேச்சையும் வீட்டில் செய்து பார்க்கலாம். கருவி எதுவும் வேண்டாம், போனில் அலாரம் போதும். ராத்திரி சாப்பாடு முடிந்து, டி.வி.யை அணைத்துவிட்டு, ஒருவர் ஐந்து நிமிடம் அன்றைய கஷ்டம் ஒன்று, நல்லது ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் முறை மாறும். சுலபம்தான். ஆனால் நம் வீடுகளில் முதல் ஆட்டம் எந்த நொடியில் நின்றுபோகும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: கேட்டுக்கொண்டிருப்பவர், 'நான்தான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பிக்கும் நொடியில். அலாரத்தை மறுபடி ஐந்துக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.